மணிக்கட்டில் சுற்றிய பிளாஸ்டிக்

காஜா மொய்தீன் கடையில் ரொட்டிக் கல்லை விட்டு இறங்கியவர் யாரும் திரும்ப அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றதில்லை. யாரும் எழுதி ஒட்டிய சட்டமில்லை அது. ஆனால் பினாங்கின் ஜெலுத்தோங் சந்தைக்குப் பக்கத்து முனையிலுள்ள அந்த உணவகத்தில் முப்பத்து மூன்று வருடமாக ரொட்டி சானாய் போடும் ஜபருல்லாவுக்கு அது நன்றாகத் தெரியும். அவர் கல்லுக்கு வந்ததே அப்படித்தான்.

பதினேழு வயதில் கிளாஸ் கழுவச் சேர்ந்தார். அப்போது முதலாளி, காஜா மொய்தீனின் தகப்பனார். இரண்டு வருடம் கழித்து ஒருநாள், ரொட்டி போட்டுக்கொண்டிருந்த இப்ராஹிம் அண்ணனுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. "ரெண்டு வாரம் நீ பாரு தம்பி, நான் வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி வந்தார். அதற்குள் சாப்பிட வருகிறவர்களின் நாக்கு புதுக் கைக்குப் பழகிவிட்டது. இப்ராஹிம் அண்ணன் அதன்பிறகு ஆறு வருடம் அதே கடையில் மேசை துடைத்தார்.

இந்தக் கதையை ஜபருல்லா வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது சிரிப்பார். போன ரமலானுக்குப் பிறகு சொன்னபோது சிரிக்கவில்லை. அதை முதலில் கவனித்தவள் மகள் ஸஹ்ராதான்.

ரொட்டி போடுகிறவரின் கையை ஒரு காலைப்பொழுது முழுக்க நின்று பார்த்தால்தான் அந்த வேலை என்னவென்று விளங்கும். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை எடுத்து உள்ளங்கையால் தட்டி விரிக்க வேண்டும். பிறகு வலது மணிக்கட்டைச் சுழற்றி வீச வேண்டும். நாலு வீச்சில் அது சல்லாத்துணி மாதிரி மெலிந்துவிடும். மடித்துக் கல்லில் போட்டு, வெந்ததும் சுடச்சுட எடுத்து இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து உதிர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இதை நானூறு தடவை செய்ய வேண்டும். கட்டைவிரலின் அடியில் தொடங்கி முழங்கை வரை ஓடும் ஒரு நரம்பு இந்த முப்பத்து மூன்று வருடத்தையும் சுமந்துகொண்டு வந்து, கடைசியில் ஒருநாள் மாட்டேன் என்று சொல்லிவிட்டது.

முதலில் தலையணை உறையை மாற்றும்போது வலித்தது. பிறகு சாவியைத் திருப்பும்போது. காலையில் பல் துலக்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டின் ஓரம் ஒரு சின்னக் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கி, தொட்டால் சுட்டது.

"கிளினிக்குக்குப் போவோம் அத்தா" என்றாள் ஸஹ்ரா.

"போனா என்ன சொல்வான்? ரெஸ்ட் எடுன்னுவான். அதை நானே சொல்லிக்குவேன்லா. அதுக்கு எதுக்கு ரெண்டு மணி நேரம் நம்பர் எடுத்து ஒக்காரணும்?"

"லீவு எழுதித் தருவாங்க."

"அதான் வேணாங்கிறேன்."

ஜபருல்லாவின் மனைவி நூர்ஜான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஒங்கத்தாவுக்கு ஒடம்பெல்லாம் கை. அந்த மனுசனுக்கு வேற ஒன்னுமே கெடையாது. வுடு."

ஸஹ்ரா போன வருடம் பட்டம் வாங்கியவள். உயிர்வேதியியல். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். பட்டமளிப்பன்று ஜபருல்லா அரைநாள் மட்டும் விடுப்பு எடுத்து, மாவு வாடை போகக் குளித்து, இஸ்திரி போட்ட பத்தேக் பூவேலைச் சட்டையில் வந்து நின்றார். அதற்குப் பிறகு அவள் அறுபது இடங்களுக்கு மேல் விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். பாதிப் பேர் பதில் போடவில்லை. மீதிப் பேர் அனுபவம் கேட்டார்கள். அண்டை வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, படித்த படிப்பு எதற்கு உதவும் என்று அவள் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் அத்தாவின் மணிக்கட்டு வீங்கியது. தனக்குத் தெரிந்த ஒன்று வீட்டுக்குள்ளேயே தேவைப்படுகிறது என்று அவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது. பின்னால் அதை நினைத்துத்தான் அதிகம் கூசிப்போனாள்.

மருந்துக்கடையில் பத்து வகை ஜெல்களை எடுத்து எடுத்துப் படித்துவிட்டு ஒன்றை வாங்கினாள். வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் இருந்தது, குளிர்ச்சிக்கு மெந்தாலும் இருந்தது. வீட்டுக்கு வந்து அத்தாவின் கையைத் தன் மடியில் வைத்து, கடலை அளவுக்குப் பிதுக்கி, வட்டவட்டமாகத் தேய்த்துவிட்டாள். மருந்து தோல் வழியாக எப்படி இறங்குகிறது, வீக்கத்தை உண்டாக்கும் பொருளை எப்படித் தடுக்கிறது என்று விளக்கினாள். ஜபருல்லா ஒன்றும் புரியாமல், ஆனால் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில், மலாயில், சீனத்தில். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. மலாயில் இருந்ததை ஜபருல்லா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்திருக்கலாம். படித்த பிள்ளை வீட்டில் இருக்கும்போது அவர் எதற்குப் படிக்க வேண்டும்? தாளை மகளிடமே நீட்டினார்.

"என்ன போட்டிருக்கு?"

ஸஹ்ரா முழுதும் படித்தாள். படித்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னாள். "ஒரு நாளைக்கு மூனு, நாலு தடவை. நல்லாத் தேய்க்கணும். புண்ணு இருந்தா போடக்கூடாது. கண்ணுல படக்கூடாது. அவ்ளோதான்."

அவ்வளவுதான் இல்லை. ஆனால் அவருக்கு வேண்டியது அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள்.

நாலு தடவை என்பதில்தான் சிக்கல் இருந்தது. ஜபருல்லா விடியுமுன் நாலரைக்குக் கிளம்புவார், மதியம் இரண்டுக்கு வருவார். வலி உச்சத்தில் இருப்பது காலை ஏழிலிருந்து பத்துவரை. அந்த மூன்று மணி நேரமும் கை மாவிலும் எண்ணெயிலும்தான். கிளம்பும்போது பூசினால், மாவில் கை வைக்குமுன் கழுவ வேண்டும். கழுவினால் மருந்து போய்விடும். கழுவாமல் விட்டால்?

விட்டுப் பார்த்தார். மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. தினமும் காலை ஏழரைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஜெயலெட்சுமி, ரொட்டியைப் பிய்த்து மூக்கருகே கொண்டுபோனார். கல்லைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஜபருல்லா, ரொட்டியில தைலவாடை அடிக்குதே. நீ கலக்கிப் போடுறியா, இல்ல எனக்குத்தான் வயசாகிப்போச்சா?"

"பக்கத்து மேசையில யாரோ பூசியிருப்பாங்க டீச்சர். குடுங்க, வேற போட்டுத் தர்றேன்."

தே தாரிக் தேநீரை நுரைக்க ஆற்றிக்கொண்டிருந்த ஃபிக்ரி திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த கிளாஸை எடுத்தார். காஜா மொய்தீன் பணப்பெட்டிக்குப் பின்னால் செய்தித்தாளில் இருந்தார். ஜபருல்லாவின் கண் அங்கேதான் போனது. முதலாளி தலை நிமிரவில்லை.

அன்று மதியம் வீட்டில் இதைச் சிரிப்புக்கதையாகச் சொன்னார். நூர்ஜான் சிரித்தார். ஸஹ்ராவும் சிரித்தாள்.

"அப்ப கடைக்குப் பூசிட்டுப் போகாதீங்க அத்தா. வந்தப்புறம் பூசிக்கலாம்."

"வந்தப்புறம் பூசி என்ன பண்ண? வலி கடையிலதானே. அதுக்கு நான் ஒரு வழி பண்ணிட்டேன். இனிமே வாடையே வராது."

என்ன வழி என்று அவள் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்த நேரத்தில் கைப்பேசி ஒலித்தது. பத்து காஜா என்ற ஊரிலிருந்து ஒரு நிறுவனம் நேர்காணலுக்கு நாள் கேட்டது. அவள் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள்.

அடுத்த பத்து நாளும் ஜபருல்லா உற்சாகமாகவே இருந்தார். மருந்து பிடித்துக்கொண்டது என்றார். இன்னொரு ஜெல் வாங்கிவரச் சொன்னார். முதல் ஜெல் இத்தனை சீக்கிரம் எப்படித் தீர்ந்தது என்று ஸஹ்ராவுக்கு ஒரு கணம் தோன்றியது. வாங்கிக் கொடுத்தாள். இப்போதெல்லாம் அவர் கடைக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போவதையும் பார்த்தாள். காலைக் குளிருக்கு என்று நினைத்துக்கொண்டாள். பினாங்கில் எந்தக் காலையில் குளிர் இருந்தது?

சனிக்கிழமை ஒன்பதரைக்கு ஃபிக்ரி அழைத்தார். "ஸஹ்ரா, ஒங்கத்தாவுக்குக் கை வெந்துபோச்சு. கல்லுல படல. எப்படின்னு எங்களுக்கே வெளங்கலம்மா. நீ வாயேன்."

அவள் போனபோது ஜபருல்லா பின்கட்டில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, வலது கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. வாளிக்குப் பக்கத்தில் தரையில் சுருண்டு கிடந்தது ஒரு பிளாஸ்டிக் தாள். உருட்டிவைத்த மாவின் மேல் காயாமல் இருக்கப் போர்த்துவார்களே, அந்த மெல்லிய தாள்.

வாடை அவளுக்கு வாசலிலேயே எட்டிவிட்டது. மெந்தால்.

"கையைக் காட்டுங்க."

காட்டினார். முப்பத்து மூன்று வருடம் கல்லைத் தொட்ட உள்ளங்கைக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டிலிருந்து அரை முழம்வரை, வளையல் கடைக்காரர் அளவெடுத்த மாதிரி ஒரு நேர்க்கோட்டில் தொடங்கி நேர்க்கோட்டில் முடியும் சிவப்பு. அதன்மேல் நீர்கோத்த கொப்புளங்கள். சில உடைந்து தோல் கழன்றிருந்தது.

"ஜெல்லு போட்டு, பிளாஸ்டிக் சுத்தி, மேல சட்டைக் கையை இறக்கிவிட்டேன். வாடை வெளிய வரல. டீச்சர்கூட ஒன்னும் சொல்லல." அவர் குரலில் இன்னும் அந்த யோசனையைப் பற்றிய மதிப்பு மிச்சமிருந்தது. "மொத நாள்ல இருந்தே கொஞ்சம் எரிஞ்சிச்சு. மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சேன்."

"எத்தனை தடவை போட்டீங்க?"

"நீதான நாலு தடவைன்னே. கடையிலயே நாலு தடவை போட்டேன். இன்னைக்குக் கூட்டம், வலி தாங்கல. கொஞ்சம் கூடவே வச்சேன்."

கல்லின் அனல் முன்னால், காற்றுப் போகாத பிளாஸ்டிக்குக்குள், நாலு மணி நேரம். மருந்துப் பெட்டியில் இருந்த தாளில் தடித்த எழுத்தில் இருந்த இரண்டு வரிகள் ஸஹ்ராவுக்கு அப்படியே கண்முன் வந்து நின்றன. இறுக்கமாக மூடிக் கட்டக்கூடாது. சூடு படும் இடத்தில் பயன்படுத்தக்கூடாது. அவள் அவற்றைப் படித்திருந்தாள். யாராவது சுடுதண்ணீர்ப் பையை வைத்துக் கட்டிக்கொள்வார்களாக்கும் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள். தன் அத்தா நாள் முழுக்க ஒரு கொதிக்கும் கல்லுக்கு முன்னால் நிற்கிறவர் என்பது அவளுக்கு ஏன் தோன்றவில்லை? அந்தக் கல்லில் வந்த சோற்றைத் தின்றுதானே அவள் படித்தாள்?

காஜா மொய்தீன் கதவோரம் நின்றிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. தன் காரிலேயே இருவரையும் ஏற்றி கிளினிக்குக்குக் கொண்டுபோனார். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கை வலி எத்தனை நாளா இருக்கு ஜபருல்லா?"

ஜபருல்லா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "கொஞ்ச நாளா" என்றார்.

கிளினிக்கில் இளம் மருத்துவர் ஒருவர் கொப்புளங்களைச் சுத்தம் செய்தபடி, ஜெல் பூசி மூடிக் கட்டினீர்களா, தாளில் போட்டிருக்குமே, படிக்கவில்லையா என்று மலாயில் கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. தினம் கேட்கிற கேள்வி மாதிரிதான் கேட்டார்.

ஜபருல்லா மகளைக் காட்டி மலாயில் சொன்னார். "என் மகள் படித்தாள், டாக்டர். அவள் பட்டதாரி."

மருத்துவர் ஸஹ்ராவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அத்தாவின் குரலில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று வாரத்துக்கு அனலும் கூடாது, எண்ணெயும் கூடாது என்றார் மருத்துவர். கட்டைவிரல் பக்கம் அழுத்திப் பார்த்துவிட்டு, இந்த வீக்கம் பழையது, தசைநாரின் உறை தடித்துவிட்டது, பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அங்கே தேதி நாலு மாதம் தள்ளிக் கிடைத்தது.

வாசலில் காஜா மொய்தீன் காரைத் துடைத்தபடி காத்திருந்தார்.

"நீ கையைப் பாத்துக்க. நம்ம ஹைக்கல் பட்டர்வொர்த்துல ரொட்டி போட்டவன்தான், ரெண்டு புள்ளக்காரன், பொறுப்பானவன். ரெண்டு மூனு வாரம் அவன் பாத்துக்குவான்."

"சரி பாஸ்" என்றார் ஜபருல்லா.

வீட்டுக்கு வந்ததும் ஸஹ்ரா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் சொல்லாம விட்டுட்டேன் அத்தா. தாள்ல போட்டிருந்துச்சு. மூடிக் கட்டக்கூடாதுன்னு இருந்துச்சு."

அவர் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "நானும் கேக்கலையே" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் அவள் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். நூர்ஜான் மட்டும் உள்ளே பாத்திரத்தைச் சற்றுச் சத்தமாக வைத்தார்.

பத்து காஜா நேர்காணலுக்கு ஸஹ்ரா போய்வந்தாள். உங்களுடைய பலம் என்ன என்று கேட்டார்கள். நுணுக்கமாகப் படிப்பேன் என்று சொல்வதாக ஒத்திகை பார்த்திருந்தாள். அதைச் சொல்லாமல் வேறெதையோ சொல்லிவிட்டு வந்தாள். பதில் இன்னும் வரவில்லை.

மூன்று வாரம் நாலாயிற்று. கொப்புளம் ஆறிய இடத்தில் வெங்காயத்தோல் மாதிரிப் புதுத்தோல் வந்தது. கடைசிக் கட்டைப் பிரித்த அன்று, கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில், கடைக்குப் போய்விட்டுப் போகலாம் என்றார் ஜபருல்லா. காலைக் கூட்டம் ஓய்ந்த நேரம். ஹைக்கல் கல்லுக்கு முன்னால் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது, அகன்ற தோள், வேகமான கை. ஜபருல்லாவைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.

"அண்ணே, ஒன்னு போடுங்கண்ணே. ஒங்க கை ரொட்டிய நான் இன்னும் தின்னதில்ல."

ஜெயலெட்சுமி டீச்சர் இன்னும் எழுந்து போகவில்லை. ஃபிக்ரி குவளையைக் கீழே வைத்தார். காஜா மொய்தீன் செய்தித்தாளை மடித்தார். ஜபருல்லா கை கழுவினார். உருண்டையை எடுத்தார், தட்டினார். முதல் வீச்சு சரியாக வந்தது. இரண்டாவது வீச்சும். மூன்றாவதில் கட்டைவிரல் தானாகத் திறந்துகொண்டது. மாவு ஒரு பக்கமாக இழுபட்டு நடுவில் கிழிந்து, பாதி கல்லிலும் பாதி விளிம்புக்கு வெளியிலும் தொங்கியது.

ஹைக்கல் ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை. தொங்கியதைச் சுருட்டி உள்ளே தள்ளி, ஓட்டையின் மேல் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மடித்துவிட்டார்.

"ரொட்டி தெலூர். யாருக்கு?" என்று பொதுவாகக் கேட்டார்.

"எனக்கு வை" என்றார் டீச்சர், ஏற்கெனவே இரண்டு ரொட்டி சாப்பிட்டு முடித்தவர்.

அதை அவர் கடைசித் துண்டுவரை சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஸஹ்ரா தூணோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் செய்வதற்கு அவளிடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள்.

ஜபருல்லா மறுபடி கை கழுவினார். மேசைமேல் கிடந்த ஆர்டர் எழுதும் சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதலாளியிடம் போனார்.

"நாளையிலருந்து வர்றேன் பாஸ். மேசை பாக்கறேன்."

"அவசரமில்ல ஜபருல்லா. கை முழுசா சரியானதும்..." என்று தொடங்கிய காஜா மொய்தீன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாளிலிருந்து ஜபருல்லா மேசை மேசையாகப் போய்க் கேட்டு, கல்லைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கோசோங் ரெண்டு, ஒன்னு பஞ்சிர்!" வெறும் ரொட்டி இரண்டு, அதில் ஒன்றைக் குழம்பில் முழுகவிடு என்று சொல்லும் அந்தக் குரலை இத்தனை வருடம் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கொடுத்ததில்லை.

அந்த வாரம் கிளினிக்கில் வேறொரு ஜெல் கொடுத்தார்கள். வாடையில்லாதது. புதுத்தோல் ஆறிவிட்டதால் கட்டைவிரல் பக்கம் பூசலாம் என்றார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜபருல்லா பெட்டியைப் பிரித்து, தாளை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"படி. ஒரு வரி விடாம."

ஸஹ்ரா படித்தாள். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னாள். ஒவ்வாமை உள்ளவர்கள், கருவுற்றவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள். பூசிவிட்டவர் கையைக் கழுவ வேண்டும். எதற்கும் தேவைப்படாத வரிகளையும் விடவில்லை. மூடிக் கட்டக்கூடாது என்ற வரி வந்தபோது குரல் இறங்கியது. ஜபருல்லா "ம்" என்றார், மற்ற வரிகளுக்குச் சொன்ன மாதிரியே.

"ஒரு நாளைக்கு மூனுலருந்து நாலு தடவை."

அவர் அங்கே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்ப நாலு தடவையும் பூசலாம்ல? மாவுலதான் கை வைக்கப் போறதில்லையே."

அவள் தாளை மடித்து வைத்தாள். ஜெல்லைப் பிதுக்கி அவர் மணிக்கட்டில் வைத்து மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினாள். புதுத்தோலின் ஓரம் வரும்போதெல்லாம் விரலைச் சுற்றிக் கொண்டுபோனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலிக்கிறதா, ஆறுதலாக இருக்கிறதா என்று முகத்தில் தெரியவில்லை.

தேய்த்து முடித்தபிறகும் அவள் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"போ, கையக் கழுவு" என்றார் ஜபருல்லா. "தாள்ல போட்டிருந்துச்சுல்ல?"